பொழுதில்லார் எழுதிய ஏடு

ஆண்டுதோறும் மார்கழித் திங்களின் நடுவில் நாட்குறிப்புப் புத்தகங்கள் எம்மனோர் கைகளில் வந்து சேர்தல் நெடுநாளைய வழக்கம். துணிக்கடைக்காரர் ஒன்று தருவார். கூட்டுறவுப் பண்டகசாலையார் ஒன்று தருவர். பழைய மாணாக்கர் ஒருவர் தாம் பணிபுரியும் இடத்துப் பெயர் பொறித்த ஒன்றை அன்புடன் அனுப்பிவைப்பார். முன்போல் அத்துணை மிகுதியாக வருவதில்லையெனினும் வரவு முற்றும் நின்றுவிடவில்லை. சென்ற கோடை விடுமுறையில் என் அலமாரியைத் துப்புரவு செய்தபோது இத்தகைய புத்தகங்கள் இருபத்துமூன்று அகப்பட்டன. ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தேன். ஜனவரி முதல் தேதியன்று எழுதப்பெற்றுள்ள தமிழ் மிக அழகியது. வாழ்வின் நோக்கம் யாது, இவ்வாண்டிற் படிக்கத்தக்க நூல்கள் யாவை என்றெல்லாம் பக்கம் நிரம்பியிருந்தது. ஐந்தாந் தேதியில் அது பாதிப் பக்கமாயிற்று. பத்துப் பதினொன்றாந் தேதிகளில் இரண்டு சொற்களாய்ச் சுருங்கிற்று. அப்பால் மார்கழி வரையில் வெண்மையே. இடையில் எங்கேனும் கறுப்புத் தென்பட்டால், அது விடைத்தாட்களின் எண்ணிக்கை. அன்றேல் மருந்துக்கடையின் தொலைபேசி எண்.

இஃது என் ஒருவனுடைய குறை மட்டுமன்று என்பதை உடனாசிரியர்களிடம் உசாவி அறிந்து ஒருவாறு ஆறுதல் அடைந்தேன். காரணங் கேட்டால் எல்லாரும் ஒரு விடையே பகர்ந்தனர்: நேரமில்லை. இவ்விடையைப் பொய்யென்று சொல்ல யான் துணியேன். எங்கள் கல்லூரிக்குச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர் காலை ஆறரை மணிப் பேருந்தைத் தவறவிட்டால் முதல் வகுப்பை இழப்பர். மாலையில் மீண்டவுடன் கடைகளிற் கணக்கெழுதியும் பொட்டலங்கட்டியும் கட்டணத்துக்குப் பொருள் சேர்ப்போர் அவருட் பலர். அரையாண்டுக்கொரு தேர்வு என்றிருந்தது போய், உள்மதிப்பீட்டுத் தேர்வு, ஒப்படைப்பு, செய்முறைப் பதிவேடு என்று வாரமொரு கெடு வந்துவிட்டது. ஆசிரியர் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. ஆகவே, 'அவகாசம் உண்டு. உமக்கு மனமில்லை' என்று மேடையேறி இடித்துரைப்பார் கட்சியில் யான் சேர்ந்தவனல்லன். யான் மறுப்பது பிறிதொன்று. 'இப்பொழுது நேரமில்லை, ஆதலின் ஓய்வு வாய்த்த பின் எழுதுவோம்' என்று நாம் அதனோடு கூட்டிச் சொல்லுகின்றோமே, அந்தப் பிற்பகுதியையே மறுக்கின்றேன்.

ஓய்வு வாய்த்த ஒருவரை யான் அறிவேன். என் துறையில் முப்பதாண்டுக்கு மேல் பணியாற்றி விலகிய மூத்த ஆசிரியர் அவர். வகுப்பில் வாய் திறந்தால் பழங்கதைகள் மடைதிறந்த வெள்ளமெனப் புறப்படும். 'விலகியவுடன் என் நினைவுகளை எழுதப்போகின்றேன்' என்று பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார். விலகினார், நல்ல தடித்த அட்டை போட்ட ஏடொன்று வாங்கினார், சாளரத்தின் அருகே மேசையையும் இடம் மாற்றிப் போட்டார். மூன்று திங்கள் கழித்து யான் சென்று கண்டபோது ஏட்டில் நான்கு பக்கங்களே எழுதப்பட்டிருந்தன. 'உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை, தம்பி. நல்ல காலம், நல்ல மனிதர்கள் என்று பொதுவாக எழுத வருகின்றதேயொழிய, யார் என்ன சொன்னார், எந்த ஆண்டு, எந்த அறை என்பது அகப்படவில்லை,' என்றார். நேரமிருந்தது, எழுதுதற்கு வேண்டிய பொருள் நேரமில்லாத முப்பதாண்டுகளில் ஒழுகிப்போய்விட்டது.

முதுமையில் அமர்ந்து வாழ்வு முழுவதையும் நினைவிற்கூட்டி எழுதினார் இலரோ எனின், உளர். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றை 1940ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து வயது நிரம்பும் நிலை. ஊர்ப்பெயர், உண்ட உணவு, ஆசிரியர் முகக்குறிப்பு இவையெல்லாம் நேற்று நிகழ்ந்தனபோல் அந்நூலிற் காண்கின்றோம். ஆயின் அவர் தமக்கு வந்த கடிதங்களையும் குறிப்புகளையும் வாழ்நாள் முழுவதும் பேணிவைத்தவர்; நினைவாற்றலோ நம்மவர்க்கு வாய்ப்பதன்று. அங்ஙனமிருந்தும், தம் வாழ்வின் பிற்பாதியைச் சொல்லிமுடிக்குமுன்னரே, 1942 ஏப்பிரலில் அவர் மறைந்தார். அப்பெருமகனாருக்கே எஞ்சிப்போனது நமக்கு எஞ்சாமல் நிற்குமோ?

நிற்க. பொழுதில்லாத ஒருவர் எங்ஙனம் எழுதினார் என்பதற்குத் தமிழ் நாட்டார் கடல் கடந்து சென்று சான்று தேடவேண்டுவதில்லை. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நம் கண்முன் இருக்கின்றது. சென்னைப் பெரம்பூரில் 1709இற் பிறந்து, இளமையிலேயே தந்தையாருடன் புதுச்சேரி சென்று குடியேறிய இவர், 1736 செப்டம்பர் 6ஆம் நாள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் முற்றுகைக்குப் புதுச்சேரி பணிந்த அதே திங்களில், அவர் உயிர் நீத்தார். இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெழுத்து நடந்தது. இடையிடையே சில பகுதிகள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பே பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசினரால் 1904 முதல் 1928 வரை வெளியிடப்பெற்றது.

அவருடைய நாள் எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் முதலில் வணிகர். பாக்கு, துணி முதலிய சரக்குகளில் அவருக்கு வாணிகமுண்டு; ஆனந்தப்புரவி என்னும் பெயருடைய கப்பலும் உண்டு. பின்பு, பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசியாகக் கவர்னர் டூப்ளேயின் வலக்கையாய் விளங்கினார். துபாசி என்றவுடன், இருவர் நடுவே நின்று ஒருவர் மொழியை மற்றவர்க்கு உரைப்பவர் என்று மட்டும் நினைத்தலாகாது. நெசவாளர்க்கும் வணிகர்க்கும் முன்பணம் கொடுத்து வாங்குதல், பாளையக்காரர்க்கும் நவாபுகட்கும் கடிதம் வரைதல், வந்த தூதரை வரவேற்றல், வரிசைகள் இன்னார்க்கு இன்ன என வகுத்தல், ஊரில் எழும் வழக்குகளை விசாரித்தல் இவையெல்லாம் அவர் தலைமேல் இருந்தன. காலையிற் கவர்னர் மாளிகைக்குச் சென்றால் நடுப்பகலில் வீடு திரும்புவார். மாலையில் மீண்டும் அழைப்பு வரும். நள்ளிரவில் ஆள் வந்து கதவைத் தட்டுதலும் உண்டு. 1746இற் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தனர். இந்நாட்களிலும் எழுத்து நிற்கவில்லை. முற்றுகைக் காலத்துக் குறிப்புகளே பிற நாட்களினும் நீண்டு விரிந்து செல்கின்றன. இற்றைக் கல்லூரி ஆசிரியன் ஒருவன் அவர் முன்னிலையில் 'எனக்கு நேரமில்லை' என்று சொல்ல நேர்ந்தால் எங்ஙனம் இருக்கும் என்று யான் எண்ணிப்பார்த்து நாணியதுண்டு.

இனி, அவர் எழுதிய முறையை நோக்குமின். தம் கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையும், கப்பல் வந்ததையும் போனதையும் எழுதுவதே தம் கருத்தென்று தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டார். இதில் வாழ்வின் நோக்கம் முதலிய பெரும் பேச்சு ஒன்றுமில்லை. ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை. அப்பால் இன்னார் வந்தார், இன்னது சொன்னார், யான் இன்னவாறு விடையிறுத்தேன், இத்தனை பீரங்கி முழங்கிற்று, இன்ன சரக்கு இன்ன விலை. மொழியும் அங்ஙனமே. புலவர் தமிழை அவர் நாடவில்லை. புதுச்சேரிக் கடைத்தெருவிலும் கவர்னர் மாளிகை முற்றத்திலும் அவர் வாயிற் பயின்ற தமிழே ஏட்டிலும் பயின்றது. பிரெஞ்சு, போர்த்துகீசியம், பாரசீகம், தெலுங்கு என எம்மொழிச் சொல் வந்தாலும் உட்புக இடந்தந்தார். இலக்கணம் வல்லார் அதைக் கண்டு முகஞ்சுளிக்கலாம். யான் நினைப்பது இது: அவர் செந்தமிழில் எழுத உட்கார்ந்திருப்பாராயின், என் நாட்குறிப்பைப் போலவே பதினொன்றாம் நாளில் அவரும் நிறுத்தியிருப்பார். நாள் முழுவதும் கணக்கும் கடிதமும் எழுதிய கை, அதே போக்கில் தன் பொருட்டும் சில வரிகள் எழுதிற்று. தொழிலினின்று விலகி வேறோர் ஆளாக மாறி எழுதவேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

கணக்கேட்டின் சாயலில் எழுதினாராதலின் அதில் ஆள் இல்லையென்று கருதுதல் தவறு. தமக்குக் கிட்டிய மதிப்பைக் கூறுமிடத்து அவர் மகிழ்ச்சி மறைவதில்லை. தம்மை வெறுத்த டூப்ளேயின் மனைவியாரைப்பற்றி எழுதுமிடத்துக் கசப்பும் மறைவதில்லை. 1748ஆம் ஆண்டில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை எழுதுங்கால், அலுவலுக்கும் மனத்துக்கும் இடையே நின்று தவித்த ஒருவரை நாம் காண்கின்றோம். 1754இல் டூப்ளே நாடு திரும்பிய பின், செல்வாக்குத் தேய, நோயும் கவலையும் சூழ்ந்த ஆண்டுகளிலும் அவர் எழுதினார். பெருமை மிக்க நாட்களை மட்டும் எழுதுவார் போல நடுவே கைவிடவில்லை. இவையெல்லாம் அச்சேறும் என்று அவர் கருதியதாகத் தோன்றவில்லை. அவர் மறைந்து எண்பத்தைந்தாண்டுகள் கழிந்தபின், 1846இல், கலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணில் அவ்வேடுகள் பட்டன. ஆங்கிலத்தில் முதலில் அச்சாகி, தமிழ் மூலம் 1948 முதலாகவே தொகுதிகளாய் வெளிவந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்று. எனினும் அஃது எழுதியவர் குற்றமன்றே.

அவ்வூரில் அவர் ஒருவரோடு இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. காவல் தலைமை பூண்டிருந்த இரண்டாம் வீராநாயக்கர் என்பாரும் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதினார். ஊரிற் களவும் கலகமும் நிகழாமற் காக்கும் பொறுப்புடையார்க்கு ஓய்வு எத்துணை இருந்திருக்கும் என்பதை யான் சொல்லவேண்டுவதில்லை.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் இவ்விடத்தில் சாமுவேல் பெப்பீசை நினைப்பர். ஆனந்தரங்கரை அவரோடு ஒப்பிட்டுப் பேசுதலும் வழக்கம். இலண்டன் கடற்படை அலுவலகத்தில் இடையறாத பணியுடையவராயிருந்த பெப்பீசு, 1660 ஜனவரி முதல் 1669 மே இறுதி வரை எழுதினார். 1666இல் இலண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தபோது, தம் பாலாடைக்கட்டியையும் திராட்சை மதுவையும் தோட்டத்திற் குழி தோண்டிப் புதைத்ததை அவர் எழுதாதிருந்தால் அப்பெருந்தீ நமக்கு வெறும் வரலாறாகவே நின்றிருக்கும். அவரிடத்து எனக்குப் பிடித்த பண்பு ஒன்று உண்டு. வேலை மிகுந்த நாட்களில் அவர் எழுதுவதில்லை; துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, பின்பு ஒருநாள் அமர்ந்து விட்டுப்போன நாட்களையெல்லாம் சேர்த்து எழுதிவிடுவார். ஒருநாள் விட்டவுடன் 'நெறி கெட்டது' என்று ஏட்டையே மூடிவிடும் நமக்கு இது தெரிந்திருத்தல் நன்று. பிறர் படித்துவிடுவாரே என்னும் அச்சத்துக்கும் அவர் வழி கண்டார், சுருக்கெழுத்தில் எழுதினார். மாணவர் விடுதியில் நால்வர் கூடி வாழும் அறையில் இருப்போர் இதன் அருமையை நன்கு அறிவர்.

அந்தனி டிராலப் என்னும் நாவலாசிரியர் அஞ்சல் துறையிற் பணியாற்றிக்கொண்டே, காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு இருநூற்றைம்பது சொற்கள் வீதம் எழுதினார் என்பதும், எழுப்பிவிடும் பணியாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் மிகுதியாகக் கொடுத்தார் என்பதும் அவர் தம் வரலாற்றில் தாமே கூறியவை. இதனைச் சொல்லி மாணவரை ஊக்குதல் எங்கள் பேராசிரியர் ஒருவர்க்கு வழக்கம். யான் இருமுறை முயன்று இருமுறையும் தோற்றேன். கதை எழுதுவார்க்கு அது தகும்; தன் வாழ்வைத் தனக்கென எழுதுவார்க்குக் கடிகாரம் நல்ல துணையன்று என்பது என் அபிப்பிராயம். அன்றியும், விடியற்காலையில் எழுதத்தக்கது நேற்றைச் செய்தியாகி ஆறிவிடுகின்றது.

இம்மட்டோடு நிறுத்தினால் யான் நேர்மையுடையவன் ஆகேன். மேற்கூறிய அனைவரும் ஆடவர். சமைத்த சோறு இலையில் வந்து விழும் வீட்டினர். குதிரை கட்ட ஒருவரும் விளக்கேற்ற ஒருவரும் உள்ள வீட்டில் பொழுதின்மை ஒருவகை; தானே விளக்கேற்றித் தானே சமைத்துக் குழந்தையையும் உறங்கவைக்கும் பெண்ணின் பொழுதின்மை மற்றொருவகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்தில் வாழ்ந்த ராசசுந்தரி தேவியார் பன்னிரண்டு மக்களைப் பெற்று, கூட்டுக்குடும்பத்தின் பணி முழுவதும் சுமந்தவர். பெண் படித்தால் பழிவரும் என்ற காலம். கணவர் வைத்திருந்த சைதன்ய பாகவதச் சுவடியில் ஒரு தாளைக் கழற்றி அடுக்களையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இருபத்தைந்து வயதுக்குமேல் தாமே படிக்கக் கற்றார். எழுதக் கற்றதோ அதற்கும் நெடுங்காலத்தின் பின். வெளியூரிலிருந்த மகன், தன் கடிதத்துக்கு அன்னை மறுமொழி எழுதவேண்டுமென்று வற்புறுத்தியதே அதற்குத் தூண்டுதல். தம் முதுமையில் அவர் எழுதிய 'என் வாழ்வு' என்னும் பொருள்படும் 'ஆமார் ஜீபன்' வங்கமொழியில் தோன்றிய முதல் தன்வரலாறு எனப் போற்றப்பெறுகின்றது. வீட்டுவேலையின் நெருக்கடியால் சோற்றின் முன் உட்கார்ந்தும் உண்ண வாய்க்காமற்போன நாட்களை அந்நூலில் அவர் சொல்லுகின்றார். ஆனந்தரங்கரைக் காட்டி இத்தகைய ஒருவரைப் பார்த்து 'நீர் ஏன் நாடோறும் எழுதவில்லை?' என்று கேட்பவன் மூடன். எங்கள் கல்லூரி மாணவியருள்ளும் வீட்டுக்குச் சென்றவுடன் அடுப்பின்முன் நிற்பவர் உளர். அவர்க்கு ஆசிரியர் செய்யத்தக்க உதவி அறிவுரையன்று, ஓர் ஒப்படைப்பைக் குறைத்தல்.

எனினும் ஒன்று சொல்லலாம். இற்றைநாளில் நாம் எழுதாமல் இருக்கின்றோமில்லை. வருகைப்பதிவு, பாடத்திட்ட அறிக்கை, தர மதிப்பீட்டுக் குழுவினர்க்குக் கோப்பு, மின்னஞ்சலுக்கு மறுமொழி என்று ஆனந்தரங்கர் எழுதியதினும் மிகுதியாகவே நாம் எழுதுகின்றோம். மாணவரும் கைப்பேசியில் ஒருவர்க்கொருவர் நாள் முழுதும் எழுதிக்கொண்டே இருக்கின்றனர். என் ஐயம், இத்தனை எழுத்துள்ளும் நாம் எங்கே இருக்கின்றோம் என்பது. அறிக்கையில் இருப்பது துறை. கைப்பேசியில் எழுதியவை அங்கேயே கிடக்கின்றனவல்லவோ என்பர். கைப்பேசி மாறும்போது அவற்றுள் எத்தனை உடன்வந்தன என்று அவரவரே எண்ணிப் பார்க்கலாம். யான் கைப்பேசிக்குப் பகைவனல்லன். பேருந்தில் நின்றுகொண்டு அதிலே நான்கு வரி குறித்துக்கொள்ளும் மாணவன் ஒருவனை அறிவேன். வார இறுதியில் அவற்றை நாற்பது பக்க நோட்டொன்றில் பெயர்த்தெழுதுகின்றான். பெப்பீசு செய்ததும் அதுவே என்று சொன்னேன். அவன் பெப்பீசைக் கேள்விப்பட்டதில்லை.

எதை எழுதுவது என்று கேட்பார்க்கு என் விடை: உள்ளத்து உணர்ச்சிகளை எழுதவேண்டா. இது பலருக்கு வியப்பாயிருக்கலாம். இளமையில் யான் எழுதிய அந்தப் பதினொரு நாட் பக்கங்கள் முழுவதும் உணர்ச்சியே. இன்று படித்தால் யார்மேற் சினம், எதற்காகத் துயரம் என்பது எனக்கே விளங்கவில்லை. யார் வந்தார், என்ன சொன்னார், என்ன விலை, மழை பெய்ததா என்று எழுதியிருப்பேனாயின் உணர்ச்சி தானே அதன்பின் வந்து நின்றிருக்கும். மூன்று வரி போதும். மேசைமுன் அமரவேண்டுவதில்லை, தேர்வறைக் கண்காணிப்பு முடிந்து தாள்களை எண்ணிக் கட்டிய பின் எழுந்து போகுமுன் எழுதிவிடலாம். மொழிநடை குறித்துக் கவலைப்படுதல் தமிழாசிரியனாகிய என்னைப்போன்றார்க்கு உள்ள நோய். மற்றவர் அதற்கு ஆளாகவேண்டா.

இவ்வளவு கூற எனக்கு உரிமை வந்தது எவ்வாறெனின், கல்வியாலன்று, இழப்பால். எந்தையார் சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். ஐந்தாம் வகுப்பு வரையிலேயே படித்தவர். விடியுமுன் கடை திறந்து இரவு ஒன்பதுக்கு மேல் அடைப்பார். அவருடைய கணக்கேடுகள் இன்னும் எங்கள் பழைய வீட்டுப் பரண்மீது உள்ளன. புளி, மிளகாய், மண்ணெண்ணெய் என்னும் பற்றுவரவுகளின் நடுவே வீட்டுச்செய்தியும் ஓரொரு வரி இருக்கும். 1974ஆம் ஆண்டு ஏட்டில் ஆனிமாதப் பக்கத்தில் ஒரு குறிப்பு: கிணற்றடியில் வேப்பங்கன்று வைத்தது, குழி வெட்டக் கூலி ரூபாய் 1.50, மூத்தவள் தண்ணீர் ஊற்றினாள். அவ்வளவே. அன்று யான் பிறந்திலேன். இருப்பினும் குடத்தோடு நிற்கும் என் தமக்கையை அவ்வரியிற் காண்கின்றேன்.

2009ஆம் ஆண்டு ஐப்பசியில் தந்தையார் நோய்வாய்ப்பட்டு வீட்டிற் கிடந்தார். இறப்பதற்கு முன்னாள் இரவு மக்கள் நால்வரும் உடனிருந்தோம். தமக்கை கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். தம்பி மருந்துச்சீட்டோடு வாயிலில் நின்றான். தங்கை கால் பிடித்துக்கொண்டிருந்தாள். யான் மறுநாள் தரவேண்டிய வினாத்தாள் ஒன்றை அவர் கட்டிலின் அருகிலேயே அமர்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொன்னார். வேம்பைப் பற்றிச் சொன்னார் என்பதில் நால்வர்க்கும் ஐயமில்லை. அதற்குமேல் ஒற்றுமையில்லை. 'வெட்டவேண்டாம் என்றார்' என்கின்றாள் தமக்கை. 'வேர் சுவரைப் பெயர்க்கிறது, வெட்டிவிடுங்கள் என்றார்' என்கின்றான் தம்பி. 'வெட்டிவிட்டீர்களா என்று கேட்டார்' என்கின்றாள் தங்கை. எனக்கு 'வேம்பு' என்னும் ஒரு சொல்லே நினைவிருக்கின்றது. கையில் எழுதுகோலும் மடியில் தாளும் வைத்திருந்தவன் அந்த அறையில் யான் ஒருவனே. வினாத்தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எந்தையாராயின் எழுதியிருப்பார்.

இப்பொழுது அவ்வீட்டை இடித்துத் தம்பி புதிதாகக் கட்ட முனைந்திருக்கின்றான். சுவர் விரிந்திருப்பது உண்மை. வேர்தான் காரணமென்று கொத்தனாரும் சொல்லுகின்றார். தமக்கை மரத்தைத் தொடவிடேன் என்கின்றாள். சென்ற பொங்கலுக்குக் கூடியபோது இதுபற்றிப் பேச்சு மிகுந்து, உண்ணாமலே இருவர் எழுந்துபோயினர். நடுநின்று தீர்ப்புச் சொல்ல என்னைக் கேட்கின்றனர். வீட்டிற் படித்தவன் யானாம்.

அன்றிரவு நிகழ்ந்தது ஒவ்வொருவர்க்கும் நினைவிலுள்ளவாறு, ஒருவரையொருவர் கலவாமல், ஒரு தாளில் எழுதியனுப்புமாறு மூவரையும் வேண்டியிருக்கின்றேன். தமக்கை எட்டுப் பக்கம் எழுதியிருக்கின்றாள்; பாதி, அவள் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய கதை. தம்பி அரைப்பக்கம் அனுப்பினான். என் பங்கை யான் எழுதத் தொடங்கி, வினாத்தாள் எந்தப் பாடத்துக்கு உரியது என்பது வரையில் வந்திருக்கின்றேன். தங்கையை நேற்றுத் தொலைபேசியிற் கேட்டேன். பிள்ளைகளுக்குத் தேர்வு, அலுவலகத்தில் ஆண்டிறுதிக் கணக்கு. நேரம் கிடைத்தவுடன் எழுதுவதாகச் சொன்னாள். மார்ச்சு மாதம் முடிவதற்குள் கொத்தனார் வருகின்றார்.